ஐந்தாம் லைனில் பதினோரு எச்சரிக்கைகள்

அந்த ஆறு டிகிரியை நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா?

திரையில் அது இருந்தது. அதில் சந்தேகமில்லை, பிறகு எடுத்துப் பார்த்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தது. ஐந்தாம் லைன், நான்காவது புளோவர், பேரிங்கின் வெப்பம் வழக்கத்தைவிட ஆறு டிகிரி கூடுதல். அந்தத் திங்கட்கிழமை காலையில் என் கண் அந்த வரியைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். பார்த்துவிட்டு, அவசரத்தில், இதுவும் மற்றவற்றோடு சேர்ந்ததுதான் என்று விட்டேனா? அல்லது என் கண்ணில் படவே இல்லையா? முதலாவது என்றால் நான் ஒரு மாதிரி ஆள். இரண்டாவது என்றால் வேறு மாதிரி ஆள். எத்தனை முறை நினைவுபடுத்திப் பார்த்தாலும் எனக்கு ஞாபகம் வருவது இடது கையில் கைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது மட்டும்தான்.

நான் வேலை செய்வது மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் நிற்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில். மருத்துவமனையில் போடுகிற நீலக் கையுறை. இப்போது மரத்துப் பால் எதுவும் உள்ளே வருவதில்லை, எல்லாம் ரசாயனம். பீங்கானில் செய்த கைகள் ஆயிரக்கணக்கில் ஒரு சங்கிலியில் தொங்கிக்கொண்டு, தொட்டியில் முங்கி எழுந்து, நீளமான அடுப்புக்குள் போய் மறுபக்கம் வரும். அடுப்புக்குள் சூடான காற்றைச் சுற்றவிடுபவைதான் புளோவர்கள். ஒன்று நின்றாலும் ஒரு பக்கம் தீயும், ஒரு பக்கம் வேகாது. லைனையே நிறுத்த வேண்டியதுதான்.

அப்படித் திடீரென்று நிற்காமல் முன்கூட்டியே சொல்வதற்குத்தான் என்னை எடுத்தார்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை என்று இருந்தவளுக்கு, மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது இந்த வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். சவர்க்காரக் கட்டி அளவில் வெள்ளைப் பெட்டிகள் வந்தன. அவைதான் சென்சார்கள். அடியில் காந்தம் இருக்கும், மோட்டார்மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதிர்வையும் வெப்பத்தையும் அளந்து, கம்பி எதுவும் இல்லாமல் என் கணினிக்கு அனுப்பும். மூன்று மாதம் அந்த எண்களை வாங்கிக்கொண்ட மென்பொருள், ஒவ்வொரு மோட்டாருக்கும் எது வழக்கம் என்று தானே கற்றுக்கொள்ளும். அதிலிருந்து விலகினால் மஞ்சள். ரொம்ப விலகினால் சிவப்பு.

எச்சரிக்கை வந்தால் நான் பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு, உண்மைதான் அல்லது சும்மாதான் என்று சொல்வார்கள். அதை நான் பதிய வேண்டும். நான் பதிவதை வைத்து அது மேலும் கற்றுக்கொள்ளும். எதை நோய் என்று நினைக்கலாம், எதை நினைக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் கணவரிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் லைனைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நாற்பத்தாறு வயது. அந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம். மற்றவர்கள் என் பெட்டிகளைப் பார்த்து, நம்மை வேவு பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தபோது, ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னோடு நின்று எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்தவர் அவர். காலையில் ஆட்களைப் பிரித்து வேலை சொல்லும் கூட்டத்தை அங்கே இன்னும் தோட்டத்துப் பேச்சில் 'பெரட்டு' என்பார்கள். பெரட்டு முடிந்ததும் நேராக என் மேசைக்கு வருவார்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு யாருக்குக் கண்டம்?"

"யாருக்கும் இல்லண்ணே. மூணாவது லைன் பம்புக்கு மட்டும் கொஞ்சம் நேரம் சரியில்ல."

"பரிகாரம்?"

"கிரீஸ் போடணும்."

"இதை நான் ஜாதகம் பாக்காமலே சொல்லுவேன்லா. இங்க எல்லா தோசத்துக்கும் கிரீஸ்தான்."

இப்படிச் சொல்வாரே தவிர, சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உன் பெட்டி சொன்னது சரிதான் மா" என்றோ, "இன்னிக்குப் பெட்டிக்குக் கனவு" என்றோ சொல்வார். நான் பதிவேன்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். பழைய நிர்வாகத்திலிருந்தே வரும் வழக்கம். அந்த வருடம் ஐந்தாம் லைனைக் கழுவுவதற்காகச் சனிக்கிழமை நிறுத்தியிருந்ததால், பட்டறையில் வைக்காமல் லைன் பக்கத்திலேயே வைத்தார்கள். எனக்கு அன்று விடுமுறை. கணவருக்கு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை நாள். சுண்டல் சாப்பிட வா என்று அண்ணன் கூப்பிட்டதால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

வாழையிலையில் ஸ்பேனர்கள், டெஸ்டர், ஸ்குரூ டிரைவர்கள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்திருந்தார்கள். அவற்றுக்கு அடுத்து, அந்த லைனில் இருந்த என் பெட்டிகள். பதினொன்றும். மோட்டார்களிலிருந்து கழற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். மோட்டார்களுக்கும் பட்டை போட்டு, பொட்டு வைத்திருந்தது.

"உன் பிள்ளைங்களுக்கும் பொட்டு வச்சாச்சு மா" என்றார் அண்ணன். "இந்தச் சின்னதுக்கும் வைக்கவா?" என்று மகள் நெற்றியில் ஒரு விரல் சந்தனம் தொட்டார். அது அழ, அங்கே வேலை செய்யும் நேப்பாளத்துப் பையன்கள் உட்பட எல்லாரும் சிரிக்க, நானும் சிரித்தேன். பெட்டிகளைப் படம்கூட எடுத்தேன்.

அந்தப் பெட்டியைக் கழற்றினால் அதே இடத்தில், அதே திசையில் திரும்ப வைக்க வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் அது அளக்கும் அதிர்வின் திசை மாறிவிடும். இது எனக்குத் தெரியும். அங்கே நின்ற யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் சொன்னதில்லை. மோட்டாரில் கோடு போட்டு இடத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்று என் குறிப்பேட்டில் இரண்டு மாதமாக ஒரு வரி இருந்தது. அன்று சொல்லியிருக்கலாம். "அண்ணே, ஒட்டும்போது திசை பாத்து ஒட்டுங்க" என்று ஒரு வாக்கியம். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் படித்தவள் மாதிரி உத்தரவு போடுவதா என்று கூச்சமாக இருந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை எட்டரைக்குக் கணினியைத் திறந்தால் ஐந்தாம் லைனில் பதினொன்றும் மஞ்சள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காரணம் உடனே தெரிந்துவிட்ட நிம்மதி வேறு. அதே சமயம் கைபேசி அடித்தது. மகளை விட்டுவரும் தாஸ்காவிலிருந்து, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்து அக்கா. பாப்பாவுக்குச் சூடு முப்பத்தெட்டரைக்கு மேல் இருக்கிறது, உடனே வந்து அழைத்துப் போங்கள், மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அஞ்சாம் லைன் பூரா மஞ்சள் காட்டுது."

"பொட்டு வச்சதுக்கு வெக்கப்படுதுங்க போல."

"கழட்டி ஒட்டினப்போ திரும்பியிருக்கும்ணே. அதான் அதுக்குப் புதுசா தெரியுது."

"அப்ப எதுவும் ரோசாக் இல்லலா?"

"இல்லண்ணே, கெட்டுப்போகல."

"நான் வேணா ஒரு சுத்து போயி எல்லாத்தையும் கையால தொட்டுப் பாத்துட்டு வாரேன். அரை மணி நேரம் ஆவும்."

"வேணாண்ணே. பூஜையாலதான். நான் இங்கேயே சரி பண்ணிட்டுக் கிளம்புறேன், பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"அய்யோ, போ போ. முதல்ல பிள்ளையைப் பாரு."

பதினொன்றையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுக்கலாம். காரணம் கேட்கும். பட்டியலில் 'சென்சார் இடம் மாறியது, தவறான எச்சரிக்கை' என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினேன். பிறகு இன்னொரு கேள்வி வரும்: இனி இதையே இந்த மோட்டார்களின் வழக்கமாக எடுத்துக்கொள்ளலாமா? ஆம் என்றேன். பதினொன்றும் பச்சையானது. கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சிலிபினில் இருக்கிற கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை தெர்மோமீட்டர் வைத்தேன். ஒரு காதில் ஒரு எண், மறு காதில் வேறு எண். இரண்டையும் எழுதி வைத்து, நடுவில் ஒன்றைக் கணக்குப் போட்டு, அது சரிதானா என்று திரும்ப வைத்தேன். "பிள்ளை முகத்தையும் ஒரு தடவை பாரு, சிரிக்குது" என்றார் கணவர். வியாழக்கிழமை காய்ச்சல் விட்டது. வேலைக்குப் போனேன். ஐந்தாம் லைன் பச்சையாக இருந்தது. பச்சையாக இருப்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

எச்சரிக்கை வந்து ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை பிற்பகல், சைரன் அடித்தது. நான்காவது புளோவரின் பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டது. மோட்டார் சுற்றப் பார்க்க, பெல்ட் தேய்ந்து புகைந்து எரிந்தது. அடுப்புக்குள் இருந்த கையுறைகள் பீங்கான் விரல்களோடு ஒட்டிக் கருகின. நான் வெளியே ஓடி வந்தபோது லைன் முழுக்கக் கறுப்புப் புகை, தொண்டையை அடைக்கும் நாற்றம். அண்ணன்தான் உள்ளே போய் எரிவாயு வால்வை மூடியிருக்கிறார். மணிக்கட்டில் சூட்டுக் கொப்புளம். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லைன் இரண்டு நாள் நின்றது.

"என்ன தங்கச்சி, நம்ம ஜோசியக்காரன் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று இருமிக்கொண்டே கேட்டார்.

என் திரையில் அந்தப் புளோவர் கடைசி ஏழு நிமிடம்வரை பச்சையாக இருந்தது. பிறகு ஒரேயடியாகச் சிவப்பு.

மறுநாள் காலையில் பழைய பதிவுகளைத் திறந்தேன். பதினோரு எச்சரிக்கைகளிலும் அதிர்வு மாறியிருந்தது, அது திசை மாறியதால்தான். பத்தில் வெப்பம் மாறவில்லை. ஒன்றில் மட்டும் ஆறு டிகிரி. பெட்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் வெப்பம் மாறாது. அந்தப் பேரிங் அப்போதே கெட ஆரம்பித்திருக்கிறது. மென்பொருளும் சொல்லியிருக்கிறது. நான்தான் அதனிடம், இது நோய் இல்லை, இனி இதுதான் உன் வழக்கம் என்று சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு நாளுக்கு நாள் கூடியதையெல்லாம் அது புதிய வழக்கத்திலிருந்து கணக்கிட்டு, பரவாயில்லை, பரவாயில்லை என்று பச்சையாகவே காட்டியிருக்கிறது. பதிவின் ஓரத்தில் நேரம், எட்டு நாற்பத்தொன்று. அதன் பக்கத்தில் என் பயனர் பெயர்.

அன்றைக்கே மேலாளரிடம் போனேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல் இருக்கிறது, போனேன் என்பதில். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேள்வி கேட்காமல் அனுப்புவார். நான் சொல்லி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு, அறிக்கை நேற்றே மேலே போய்விட்டது என்று மலாயில் சொன்னார். பூஜையன்று பராமரிப்பு ஆட்கள் அனுமதியில்லாமல் சென்சார்களைக் கழற்றினார்கள், அதனால் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறாராம்.

அப்படியில்லை, எச்சரிக்கை கிடைத்தது, நான்தான் மூடினேன் என்றேன்.

சென்சாரைக் கழற்றினார்களா இல்லையா என்று கேட்டார். கழற்றினார்கள் என்றேன். அனுமதி வாங்கினார்களா? இல்லை. அப்படியென்றால் நான் எழுதியதில் எது பொய் என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தணிந்து, இந்தத் திட்டத்தை மூடவேண்டும் என்று மேலே சிலர் காத்திருக்கிறார்கள், நம் ஆளே சரியான எச்சரிக்கையை அழித்தார் என்று தெரிந்தால் அதோடு முடிந்தது, உன் ஒப்பந்தமும் அதோடு போகும், யோசித்துக்கொள் என்றார். யோசிக்கிறேன் பாஸ் என்றேன். கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவருடைய அறைக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். என் மேசைக்குத்தான் போனேன்.

அடுத்த வாரம் அண்ணனுக்குக் கடிதம் வந்தது. அனுமதியின்றி நிறுவனச் சாதனத்தை அகற்றி உற்பத்திக்கு இழப்பு ஏற்படுத்தியதற்காக ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்க வேண்டும். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம். என் கைபேசிக்கு அவருடைய குரல் பதிவு வந்தது: "தங்கச்சி, சூராட் வந்திருக்கு மா. மலாய்ல பதில் எழுதணுமாம். நீ நல்லா எழுதுவியே. சனிக்கிழமை வீட்டுக்கு வந்துட்டுப் போறியா?"

போனேன். லகாட்டில் வரிசை வீடு. மகளையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன், அது போன உடனே வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தது. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். மூத்த பெண் ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம், டியூஷனுக்குப் போயிருந்தாள். அக்கா தேநீர் கலக்க உள்ளே போனதும் நான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அந்தத் திங்கக்கிழமை காலையில..."

"நான் போயிப் பாக்கவான்னு கேட்டேன். நீ வேணான்ன." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஞாபகம் இருக்கு மா."

வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

"அந்தப் பேரிங்கு அன்னிக்கே சூடாயிருக்குண்ணே. அது சொல்லியிருக்கு. நான்தான் அழிச்சேன்."

"சரி."

"ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா? உனக்கும் ஒரு சூராட் வரும். எனக்கு வந்தது எங்க போவப்போவுது? ரெண்டு பேரு எதுக்கு, ஒன்னு போதும். நீ கான்ட்ராக்ட், உன்னை ஒரே நாள்ல தூக்கிருவான். எனக்குப் பத்தொன்பது வருசம்லா. கொஞ்சம் யோசிப்பான்."

"யோசிக்கலன்னா?"

மகள் கொண்டுவந்து நீட்டிய செருப்பை வாங்கிக் கீழே வைத்தார். "அப்பப் பாத்துக்கலாம்."

அக்கா தட்டோடு வந்தார். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் குசுகுசுன்னு?"

"சூராட்ல என்ன எழுதலாம்னு கேக்குது."

"கேக்க என்ன இருக்கு? தொட்டேன், தப்புதான், மன்னிச்சிருங்கன்னு எழுது மா. அன்னிக்கே சொன்னேன் இவருகிட்ட, உங்க ஸ்பேனருக்குப் பொட்டு வைங்க, ஆபீஸ் சாமான எதுக்குத் தொடுறீங்கன்னு. கேட்டாத்தானே! பெரிய பூசாரி!" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "நீ படிச்ச பொண்ணு மா. அவன் மனசு எறங்குற மாதிரி நாலு வரி போடு. பெரியவளுக்கு இந்த வருசம் பரீட்சை."

நான் எழுதினேன். பள்ளியில் மலாய்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். வரி வரியாக வந்தது, அதுதான் வெட்கமாக இருந்தது. வழக்கமாக நிர்வாக அனுமதியோடு நடக்கும் பூஜையின்போது சுத்தம் செய்வதற்காக எடுத்ததாக எழுதினேன். திங்கட்கிழமை நேரில் சோதிக்க முன்வந்ததாகவும், தேவையில்லை என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும் எழுதினேன். யார் சொன்னது என்று எழுதவில்லை. அண்ணன் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதை எடுத்துரு."

"அண்ணே, இது ஒன்னுதான் உங்களைக் காப்பாத்தும்."

"யாரு வேணான்னு சொன்னதுன்னு அடுத்த கேள்வி கேப்பான்லா. எடுத்துரு." பிறகு விரலை மேல் வரிக்குக் கொண்டுபோனார். "பூஜைன்னும் போடாத. துப்புரவு வேலைன்னு போடு. அப்புறம் அதைச் சாக்கா வச்சு அடுத்த வருசம் விடமாட்டான். மத்தவனுங்க என்னைத் திட்டுவானுங்க."

இரண்டையும் எடுத்தேன். மிச்சம் இருந்ததில், துப்புரவு வேலை என்ற பெயரில் ஒரு மனிதர் தாமாகவே சென்சார்களைக் கழற்றினார், வருந்துகிறார் என்பது மட்டும்தான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். சீராக எழுதிவிட்டாய் என்று அக்கா என் தோளைத் தொட்டார். நான் கிளம்பும்போது வாழைப்பழம் ஒரு சீப்பு கொடுத்துவிட்டார்கள்.

இப்போது விசாரணைக்குக் காத்திருக்கிறோம். இரண்டு முறை தள்ளிப் போட்டுவிட்டார்கள். நான் சாட்சி. என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்களாம்: அந்தச் சனிக்கிழமை சென்சார்கள் கழற்றப்பட்டதை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்தேன் என்பது உண்மை. படம் வேறு வைத்திருக்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நீட்ட வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.

இதற்கு நடுவில் இன்னொன்று. நடந்ததை வைத்து மென்பொருளுக்குத் திரும்பப் பாடம் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது நாளுக்கும் காரணம் என்ன என்று நான் பதிய வேண்டும். 'சென்சார் அகற்றப்பட்டது' என்று போடச் சொல்கிறார் மேலாளர். போட்டால், அந்த மாதிரி ஏறும் வெப்பம் ஒரு பொருட்டல்ல என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை இன்னொரு புளோவர் அப்படிச் சூடாகும்போது சும்மா இருக்கும். வால்வை மூட யார் உள்ளே போவார்கள் என்று தெரியாது. 'பேரிங் பழுது, எச்சரிக்கை அலட்சியப்படுத்தப்பட்டது' என்று போட்டால் அது சரியாகக் கற்றுக்கொள்ளும், ஆனால் அந்த வரி மாதாந்தர அறிக்கையில் தானாகவே போய் உட்கார்ந்துவிடும். மூன்று வாரமாக நிலுவை என்றே வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அது எனக்கு நினைவூட்டல் அனுப்புகிறது. நான் தள்ளிவைக்கிறேன்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவரே வேணாங்கிறாரு. நீ ஏன் போயி விழுற? பாப்பாவை நெனச்சுப் பாரு" என்றார். இரண்டு நாள் கழித்து, காரில், நான் எதுவும் கேட்காமலே, "உன்னால முடியலன்னா சொல்லிடு, பாத்துக்கலாம்" என்றார். எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அந்தச் சனிக்கிழமை அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் பேச்சைக் கேட்டு நடக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பெரியவர் கேட்டுக்கொண்டார், மறுக்கக் கூடாது என்று. ஆனால் அவர் சொன்னது எனக்கு வசதியாக இருக்கிறதே. வசதியாக இல்லாத எதையாவது அவர் சொல்லியிருந்தால் நான் இப்படிக் கேட்டிருப்பேனா? அல்லது உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பி, அவருக்கும் உதவாமல், என் வேலையையும் தொலைத்து, பூஜையையும் நிறுத்தவைத்து, மனச்சாட்சி தீர்ந்தது என்று நான் மட்டும் நிம்மதியாக இருக்கப் பார்க்கிறேனா? ஒன்றை முடிவுசெய்தால் அன்று மாலைக்குள் மற்றொன்று சரியாகப் படுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் இப்படிப்பட்ட விசாரணையில் மேசைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உட்கார்ந்தவர்கள் இருப்பீர்கள். ஒருவர் தமக்காகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பிறகு, அவர் பேச்சை மீறிப் பேசலாமா? கேட்காத கேள்விக்குச் சாட்சி பதில் சொன்னால் எடுத்துக்கொள்வார்களா, வாயை மூடச் சொல்வார்களா? அந்த எட்டு நாற்பத்தொன்று மணிப் பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதை முதலில் யாரிடம் கொடுப்பது, மனிதவளப் பிரிவிடமா, தொழிற்சங்கத்திடமா, அல்லது திரும்பவும் லகாட்டுக்குப் போய் அந்த அக்காவின் கையிலா? அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. விசாரணை நாள் குறிக்கப்படவில்லை. அதற்குள் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.